படம் மாறவில்லை, நோய் மாறுகிறது

"முன்னைய படத்துடன் ஒப்பிடுகையில் புதிய மாற்றம் எதுவும் இல்லை." மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் வீடுகளில் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் இந்த ஒரு வரிக்காகத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். வரி வந்துவிட்டால் அம்மா சுவாமி அறையில் விளக்கேற்றுவார். ரொறன்ரோவிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்து ஆறுதலாகப் பேசுவான். என் தங்கை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். கிணற்றடிக்குப் போய்வரச் சென்ற வருடத்தைவிட இப்போது கூடுதல் நேரம் எடுக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"படத்தில் ஒன்றும் இல்லையாமே, பிறகு ஏன் தடி ஊன்றுகிறாய்?" என்று கேட்கும் உறவினர்கள் கெட்டவர்கள் அல்லர். அவள் நன்றாக இருக்கவேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்வி, மூளைக்குள் நடக்கும் ஒன்றை அவளுடைய மனத் தைரியக் குறைவாக மாற்றிவிடுகிறது. எனக்கு அது பொறுக்க முடியாத கோபத்தைத் தருகிறது. நான் மருத்துவன் அல்லன், உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன். ஆனாலும் ஒரு கருவி எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பது எங்கள் பாடத்துக்குள் வரும் கேள்வி. மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தும் நான் தேடிப் பிடித்த பதிலை இங்கே எழுதுகிறேன். மூளைக்குள் கதிரியக்கச் சுவடுகாட்டிகளை, அதாவது போகும் இடத்தைத் தம் கதிரால் காட்டிக்கொடுக்கும் மிகச் சிறிதளவு பொருள்களை, அனுப்பிப் பார்த்தவர்களிடமிருந்து கிடைத்த பதில் அது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதியே இந்த உறையைத் தாக்குகிறது. உறை கழன்ற இடங்களில் தழும்பு விழுகிறது. பாரிஸில் ஷார்க்கோ என்ற வைத்தியர் 1868 இல் இந்தத் தழும்புகளையும் நோயின் அறிகுறிகளையும் இணைத்து இதைத் தனி நோயாக விவரித்தார். உலகில் ஏறக்குறைய 28 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020 இல் வெளியான சர்வதேசக் கணக்கெடுப்பு சொல்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நாடுகளில் இது குறைவு. அதனாலேயே எங்கள் ஊரில் இதன் பெயரைக் கேட்டவர்களும் குறைவு, இதோடு வாழ்பவரின் தனிமை அதிகம்.

எம்.ஆர்.ஐ. இந்த நோய்க்குச் செய்த உதவி மிகப் பெரியது. 2001 இல் வகுக்கப்பட்டுப் பல தடவை திருத்தப்பட்ட, இந்நோயை நிர்ணயிக்க உதவும் மக்டொனல்ட் அளவுகோல்கள் அதன் மீதுதான் நிற்கின்றன. அந்தக் கருவி உடலிலுள்ள நீரின் ஐதரசன் கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து அவற்றின் சமிக்ஞையைப் படமாக்குகிறது. மயலின் அழிந்து நீர் கூடிய இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். கடோலினியம் கலந்த ஊசியைப் போட்டால், குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அண்மையில் உடைந்த இடங்கள் பளிச்சென்று தெரியும். அந்தப் பளிச்சிடல் சில வாரங்களில் மறைந்துவிடும். வெளியிலிருந்து வெண்குருதிக் கலங்கள் படையெடுத்து வரும்போது அதைக் கண்டுபிடிப்பதில் இந்தக் கருவிக்கு நிகரில்லை.

படையெடுப்பு நின்ற பிறகு உள்ளே என்ன நடக்கிறது? பழைய புள்ளி பழைய புள்ளியாகவே தெரிகிறது. அது ஆறிப்போன தழும்பா, நீறு பூத்த நெருப்பா என்பதைச் சாதாரண எம்.ஆர்.ஐ. சொல்வதில்லை. புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் நோயாளியின் இயலாமைக்கும் நேரடிப் பொருத்தம் இல்லாதிருப்பது நரம்பியல் வைத்தியர்களை நெடுங்காலம் குழப்பியது. நிறையப் புள்ளிகளோடு சைக்கிள் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சில புள்ளிகளோடு சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள்.

இங்கேதான் சுவடுகாட்டிகள் வருகின்றன. இவற்றின் தொடக்கக் கதை எனக்கு மிகவும் பிடித்தது, வகுப்பிலும் சொல்வேன். ஹங்கேரியில் பிறந்த ஜோர்ஜ் ஹெவெசி 1911 இல் மான்செஸ்டரில் ரதபோர்டின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தபோது, ஈயத்தோடு கலந்திருந்த 'ரேடியம் டி' என்ற பொருளைப் பிரித்துத் தரச்சொல்லி ரதபோர்ட் பணித்தார். எவ்வளவு முயன்றும் பிரியவில்லை. பிரியாததற்குக் காரணம், அதுவும் ஈயத்தின் ஒரு சமதானியாகவே (ஐசோடோப், அதே மூலகத்தின் வேறு திணிவுள்ள அணு) இருந்தது. இரசாயனத்தால் பிரிக்கவே முடியாது என்றால், ஈயம் எங்கெங்கே போகிறதென்று இதை வைத்தே பின்தொடரலாமே என்று ஹெவெசி யோசித்தார். தங்கியிருந்த விடுதியில் மிச்ச உணவைத் திரும்பப் பரிமாறுகிறார்கள் என்று சந்தேகித்து, தட்டில் விட்ட மிச்சத்தில் சிறிது கதிரியக்கப் பொருளை வைத்து, சில நாட்களுக்குப் பின் வந்த உணவில் கதிரியக்கத்தை உணரும் மின்காட்டியால் அதைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1943 ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு சுவடுகாட்டி முறைக்காகவே அவருக்குக் கிடைத்தது. தோல்வியாக முடிந்திருக்கவேண்டிய ஒரு வேலை இன்று உயிருள்ள மனிதரின் மூளைக்குள் பார்க்க உதவுகிறது.

மூளைக்கு அனுப்பும் சுவடுகாட்டிகளில் பெரும்பாலும் காபன்-11 அல்லது புளோரின்-18 பூட்டப்பட்டிருக்கும். இவை இயற்கையில் கிடைப்பதில்லை. துகள்களை வேகப்படுத்தும் கருவியான சைக்கிளோத்திரனில் வேகப்படுத்திய புரோத்தன்களால் நைதரசனை அடித்தால் காபன்-11 பிறக்கும். ஒட்சிசன்-18 செறிந்த நீரை அடித்தால் புளோரின்-18 பிறக்கும். இந்தச் சமதானியை மூளையில் குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டும் மூலக்கூறோடு இணைத்து, நாளத்தில் ஊசியாக ஏற்றுகிறார்கள். ஏற்றும் பொருளின் திணிவு மைக்ரோகிராம் கணக்குத்தான், மருந்தாகச் செயற்படும் அளவுக்குக்கூடப் போதாது. சமதானி சிதையும்போது பொசித்திரன் ஒன்று வெளிவருகிறது. அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தூரம் போவதற்குள் ஓர் இலத்திரனைச் சந்திக்கிறது. இரண்டும் அழிந்து, 511 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. தலையைச் சுற்றி வளையமாக நிற்கும் உணரிகளில் எதிரெதிரான இரண்டு, சில நனோசெக்கனுக்குள் ஒன்றாக ஒலித்தால் அவற்றை இணைக்கும் கோட்டில்தான் அந்தச் சிதைவு நடந்திருக்கிறது. இலட்சக்கணக்கான கோடுகளிலிருந்து படம் எழுகிறது. இதுதான் பெட் ஸ்கான். குளுக்கோசைச் சற்று மாற்றிச் செய்த எப்.டி.ஜி. என்ற சுவடுகாட்டி 1976 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் செய்து விமானத்தில் கொண்டுபோனார்கள். புளோரின்-18 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைந்துபோக எடுக்கும் நேரம், 110 நிமிடம். கடிகாரத்தோடு ஓடவேண்டியிருந்தது.

எம்.எஸ். நோயில் மிக அதிகமாகப் பின்தொடரப்பட்டது டி.எஸ்.பி.ஓ. என்ற புரதம். கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணியின் வெளிமென்சவ்வில் இருப்பது. மூளையின் காவற்கலங்களான மைக்ரோகிளியாக்கள் அழற்சியுள்ள இடத்தில் திரளும்போது அங்கே இந்தப் புரதமும் கூடுகிறது. பி.கே.11195 என்ற மூலக்கூறு அதில் ஒட்டும். காபன்-11 பூட்டிய பி.கே.11195 ஐக் கொண்டு எம்.எஸ். நோயாளிகளின் மூளையைப் பார்த்த ஆய்வொன்று 2000 இல் லண்டன் ஆய்வாளர்களிடமிருந்து வெளிவந்தது. பின்னர் பின்லாந்தின் துர்க்கு நகரிலுள்ள பெட் ஆய்வு மையம் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறது. எம்.ஆர்.ஐ. யில் வருடக்கணக்காக ஒரே மாதிரி இருந்த புள்ளிகள் சிலவற்றின் ஓரத்தில் சுவடுகாட்டி வளையமாக ஒட்டியிருந்தது. நடுவில் ஆறிவிட்டது, விளிம்பில் அழற்சி இன்னும் இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே தெரிந்தது. எம்.ஆர்.ஐ. யில் பழுதில்லாமல் தோன்றும், மயலின் உறையுள்ள நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளில் சுவடுகாட்டி கூடுதலாக ஒட்டியவர்களின் நிலை, அடுத்து வந்த ஆண்டுகளில் மோசமாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2020 இல் வெளியான அந்த முடிவை வாசித்தபோது நான் கட்டுரையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். படம் அமைதியாக இருக்கும்போதும் நோய் நகரும் என்று அச்சில் இருக்கிறது, வாசி என்றேன். அவள் முழுவதையும் வாசித்தாள். "அண்ணா, இதைத்தான் நான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன்" என்றாள்.

இந்தச் சுவடுகாட்டியின் குறைகளையும் சொல்லவேண்டும். டி.எஸ்.பி.ஓ. மைக்ரோகிளியாவில் மட்டும் இல்லை, அஸ்திரோசைட்டு என்ற துணைக் கலங்களிலும் குருதிக்குழாய்ச் சுவரிலும் உண்டு. பி.பி.ஆர்.28 போன்ற அடுத்த தலைமுறைச் சுவடுகாட்டிகள் வந்தபோது சிலருடைய மூளையில் அவை ஒட்டவே மறுத்தன. அந்தப் புரதத்தின் பரம்பரையலகில் ஓர் எழுத்து வேறாக இருப்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இப்போது ஆய்வில் சேர்வோரின் குருதியில் அதை முதலில் பார்த்துவிடுகிறார்கள். 2023 இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் ஆழமாகக் கேட்டது. எலிகளில் மைக்ரோகிளியா கிளர்ந்தால் ஒவ்வொரு கலத்திலும் இந்தப் புரதம் கூடுகிறது, மனிதரில் அப்படிக் கூடுவதில்லை. ஆகவே மனிதப் படத்தில் தெரிவது கலங்களின் சீற்றம் என்பதைவிட அவற்றின் நெரிசல் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். நெரிசல் இருக்கிறது என்ற செய்தியும் சிறிய செய்தியன்று. ஆனால் 'எரிகிறது' என்று நிறங்களைக் காட்டும் இணையப் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அழிவைத் தேடும் சுவடுகாட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மனம் சோர்ந்துவிடும். மயலினில் ஒட்டுபவையும் உண்டு. பிட்ஸ்பேர்க் கொம்பவுண்ட் பி என்ற மூலக்கூறு அல்சைமர் நோயின் அமிலோயிட் என்ற புரதப் படிவுகளைக் காட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. அது வெண்பொருளிலும் ஒட்டுவதை முதலில் இடைஞ்சலாகவே பார்த்தார்கள். பாரிஸ் ஆய்வாளர்கள் அந்த இடைஞ்சலையே பயனாக்கினார்கள். சில மாத இடைவெளியில் ஒரே நோயாளியை இரண்டு தடவை படம் பிடித்து, எந்தப் புள்ளியில் மயலின் போகிறது, எந்தப் புள்ளியில் திரும்ப வளர்கிறது என்று தனித்தனியாக வரைந்தார்கள். 2016 இல் வந்த முடிவின்படி, மயலினை மீள வளர்க்கும் திறன் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடுகிறது. அத்திறன் கூடியவர்களுக்கு இயலாமை குறைவாக இருந்தது. மூளை தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்த ஆய்வு இது. என் தங்கை மிக விரும்பிக் கேட்ட பகுதியும் இதுதான்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். தம்பி இணையத்தில் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, "அண்ணா, காசு நான் அனுப்புகிறேன், அக்காவுக்கு ஒரு பெட் ஸ்கான் எடுத்துவிடுவோம்" என்றான். புலம்பெயர்ந்த பிள்ளைகளின் அன்பு இப்படித்தான் வரும். அதைக் குறைத்து மதிப்பிடமாட்டேன். ஆனால் கணக்கைப் பார்ப்போம். காபன்-11 இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 20 நிமிடம். கொழும்பில் அதைச் செய்து ஏ-9 வீதியால் அனுப்புகிறோம், ஆறு மணி நேரத்தில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 அரைவாழ்வுக் காலங்கள் கழிந்திருக்கும். புறப்பட்டதில் 262,144 இல் ஒரு பங்குதான் யாழ்ப்பாணத்தில் இறங்கும். புளோரின்-18 என்றால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். காபன்-11 ஐக் கொண்டு செய்யும் ஆய்வுக்குச் சைக்கிளோத்திரனும் இரசாயனக்கூடமும் ஸ்கான் கருவியும் ஒரே வளவுக்குள் இருந்தாகவேண்டும். துர்க்குவிலும் பாரிஸிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சென்னைக்குப் போகலாமே என்பது அடுத்த கேள்வி. பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, பெட் ஸ்கான் நிலையங்களும் அங்கே பல உண்டு. ஆனால் அந்த நிலையங்களில் வழமையாகக் கிடைப்பது எப்.டி.ஜி., அதுவும் பெரும்பாலும் புற்றுநோய்க்காக. மூளை எந்நேரமும் குளுக்கோசை விழுங்கிக்கொண்டிருக்கும் உறுப்பு. அந்தப் பின்னணியில் எம்.எஸ். அழற்சியை அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. எம்.எஸ். நோயை நிர்ணயிக்கும் அளவுகோல்களில் பெட் ஸ்கானுக்கு இடம் இல்லை. டி.எஸ்.பி.ஓ. சுவடுகாட்டிகள் ஆய்வுக்குரியவை, ஒரு தனிநபரின் மருந்தைத் தீர்மானிப்பதற்காக எடுக்கப்படுபவை அல்ல. ஆகவே எம்.எஸ். நோய்க்காக, காணியை ஈடு வைத்தோ நகையை அடகு வைத்தோ சென்னைக்குப் போய்ப் பெட் ஸ்கான் எடுக்கவேண்டாம் என்று இதை வாசிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். வைத்தியர் வேறு காரணத்துக்காக எழுதித் தந்தால் அது வேறு.

செலவழிக்கக் காசு இருந்தால் முதலில் பார்க்கவேண்டியது வேறொன்று. எம்.எஸ். போலவே கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஒப்டிகா என்ற நோய் ஆசிய நாடுகளில் முக்கியமானது. 2004 இல் அதற்குரிய பிறபொருளெதிரி குருதியில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அக்குவாபோரின்-4 பரிசோதனை என்று அழைக்கப்படுவது அதைத்தான் தேடுகிறது. எம்.எஸ். நோய்க்குக் கொடுக்கும் இன்டர்பெரோன் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது எம்.எஸ். என்று சொல்லியிருந்தால், இந்தப் பரிசோதனையும் மொக் என்ற இன்னொரு பிறபொருளெதிரிக்கான பரிசோதனையும் செய்யப்பட்டனவா, தேவையா என்று நரம்பியல் வைத்தியரிடம் கேளுங்கள்.

கதிரியக்கம் என்ற பெயரே எங்கள் வீட்டில் அச்சத்தைக் கிளப்பிவிட்டது. எம்.ஆர்.ஐ. க்குப் போடும் கடோலினிய ஊசியே கதிர் ஊசி என்று அம்மா நம்பியிருந்தார். அடுத்த ஸ்கானுக்குத் தங்கையை விடமாட்டேன் என்றுகூடச் சொன்னார். கடோலினியத்தில் கதிரியக்கம் இல்லை. எம்.ஆர்.ஐ. கருவியிலும் இல்லை, அங்கே வேலை செய்வது காந்தப்புலமும் வானொலி அலையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் கடோலினியத்தை யோசித்துக் கொடுப்பார்கள். பெட் சுவடுகாட்டிகளில் கதிரியக்கம் உண்மையாகவே உண்டு. ஆனால் காபன்-11 பூட்டிய மூளைச் சுவடுகாட்டி ஒன்றால் ஒருவர் பெறும் கதிர் அளவு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒருவர் ஓராண்டில் பெறும் இயற்கைக் கதிரியக்கத்துக்கு அண்ணளவானது. உலகச் சராசரியில் அந்த இயற்கை அளவு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட். வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள பொற்றாசியம்-40 மாத்திரம் ஒரு செக்கனுக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் சிதைந்துகொண்டிருக்கிறது. அம்மாவுக்கு இதை விளக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. 1847 இல் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனின் ஊரில், ஒரு ஸ்கானுக்கு முன்னர் இரண்டு பந்தித் தமிழ் விளக்கம்கூடக் கையில் கிடைப்பதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இவ்வளவு தூரத்தில் நடக்கும் ஆய்வினால் கொக்குவிலில் தடி ஊன்றி நடப்பவளுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் மருந்தின் வழியாக வரும். இதுவரை வந்த பல மருந்துகள் குருதியிலிருந்து படையெடுக்கும் கலங்களைத் தடுப்பவை. பிறபொருளெதிரி மருந்துகள் பெரிய மூலக்கூறுகள் என்பதால் மூளைக்குள் மிகச் சிறிதளவே நுழைகின்றன. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்புக்கு உட்புறத்தில் நீடிக்கும் அழற்சியைச் சுவடுகாட்டிகள் உயிருள்ள மனிதரில் காட்டியது, உள்ளே நுழையக்கூடிய மருந்துகளைத் தேடுவோருக்கு வலுச் சேர்த்தது. தொலெபுருட்டினிப் என்ற மாத்திரை அவற்றில் ஒன்று. புதிய தாக்குதல்கள் இல்லாமலே மெல்ல மெல்ல மோசமாகும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் அதைச் சோதித்த முடிவு 2025 இல் வெளியானது. போலி மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிடுகையில், ஆறு மாதமாவது நீடிக்கும் வகையில் இயலாமை கூடும் அபாயம் 31 சதவீதம் குறைந்திருந்தது. ஈரலைப் பாதிக்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது, ஆகவே கொண்டாடுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. ஆனாலும் தங்கையைப் போன்றவர்களின் பிரச்சினை மருந்துச் சோதனை ஒன்றின் மையத்துக்கு வந்துவிட்டது.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் அவளுடைய கண் மங்கும், கால் கனக்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிவீதியில் சிறிது நேரம் நின்றாலே தள்ளாடுவாள். உடல் சூடேறும்போது உறை கழன்ற நரம்பில் சமிக்ஞை தடைப்படுவதால் இப்படி ஆகிறது. இப்படித் தற்காலிகமாகப் பார்வை மங்குவதை 1890 இல் ஊத்தொப் என்ற ஜேர்மன் வைத்தியர் கவனித்து எழுதினார், காரணம் பின்னரே தெளிவானது. உடல் குளிர்ந்ததும் திரும்பிவிடும், புதிய சேதம் விளைவதில்லை. மாதக்கணக்கில் மெல்ல நடக்கும் மாற்றத்தையும் இந்த வெயில் மாற்றத்தையும் கலந்து குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த மெல்லிய மாற்றத்தைப் பிடிக்க எங்களிடம் சைக்கிளோத்திரன் இல்லாவிட்டாலும் நாடா அளவுகோலும் கைக்கடிகாரமும் இருக்கின்றன. 25 அடி தூரத்தைப் பாதுகாப்பாக, ஆனால் இயன்றளவு வேகமாக நடக்கச் சொல்லி நேரத்தைக் குறிப்பது எம்.எஸ். ஆய்வுகளிலேயே பயன்படும் அளவீடு. 20 சதவீத அளவுக்கு நேரம் கூடினால் அது பொருட்படுத்தவேண்டிய மாற்றம் என்று கருதுகிறார்கள். முற்றத்தில் சீமெந்து போட்ட பகுதியில் 25 அடியை அளந்து கோடு போட்டிருக்கிறோம். மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன்னர், அதே செருப்போடு, அதே தடியோடு அவள் இரண்டு தடவை நடக்கிறாள். அம்மா நேரம் பார்க்கிறார், நான் சராசரியை எழுதுகிறேன். தம்பியின் காசில் வீட்டுக்கு வரும் இயன்மருத்துவரும் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பயிற்சியை மாற்றுகிறார். அடுத்த கிளினிக்குக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு அந்தக் கொப்பியையும் கொண்டுபோகிறோம்.